ஏழு மணி நேரம்தான ஓட்டுதான், பின்ன எப்படித் தூங்குனான்?

கேள்வி, 18 ஆகஸ்ட் 2024
நமக்குச் சுரண்டை. நாலு வண்டி, அஞ்சு டிரைவர். பாவூர்சத்திரத்துல காய்கறி ஏத்தி புளியரை வழியா கொட்டாரக்கரை, கொல்லம். போக வர 230 கிலோமீட்டர் பக்கம். ஸ்டியரிங் பிடிக்கது ஏழு மணி நேரத்தத் தாண்டாது. போன வாரம் ஒருத்தன் எடமண் பக்கத்துல வண்டிய ஓடைக்குள்ள விட்டுட்டான், நல்லவேளை காலி வண்டி. கேட்டா கண்ணசந்துட்டேன்ங்கான். ஏழு மணி நேரம் ஓட்டுததுக்குத் தூக்கமா? பகல்ல தூங்காம செல்போன நோண்டுதானுவ, வேற என்ன. ஓணம் வேற வருது. டிரைவர் தூங்குனா கத்துத மிசின் ஏதும் இருக்காமே, யாராச்சும் மாட்டியிருக்கீங்களா?

18 ஆகஸ்ட், ராத்திரி 10.50
மிசின் கெடக்கட்டும். ஏழு மணி நேரம்னு எந்தக் கணக்குல சொல்லுதீரு? சாயங்காலம் மண்டிக்கு எத்தனை மணிக்கு வரச் சொல்லுதீரு, மறுநாள் அவன் வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டுதது எத்தனை மணிக்கு, இந்த ரெண்டையும் எழுதும். நடுவுல எத்தனை மணி நேரம் ஓட்டுனான்ங்கத பெறவு பாப்போம்.

18 ஆகஸ்ட், ராத்திரி 11.30
நீங்க எழுதுததுக்குள்ள நானே எழுதிருதேன், இதே ரோட்டுல பத்து வருசம் ஓட்டி இப்ப ஆறு வண்டிக்கு கணக்கு பாக்குத ஆளு நான். அஞ்சு மணிக்கு வண்டிய வரிசையில போட்டாத்தான் எடம். தக்காளி ஏழு மணிக்கு ஏறும், முருங்கைக்காய் வர பத்தாவும், படுதா கட்டி கயிறு இழுத்து கெளம்ப பதினொண்ணு. புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் தாண்டி கொல்லம் போய்ச்சேர ரெண்டரை மூணு. அங்க சுமட்டுக்காரங்க, அதான் லோடு எறக்குதவங்க, அஞ்சு மணிக்குத்தான் கை வைப்பாங்க. எறக்கி, காலி கிரேட்டு ஏத்தி ஆறரைக்குத் திருப்புனா வீடு வந்து சேர பத்து மணி.
அஞ்சுல இருந்து பத்து, பதினேழு மணி நேரம். அதுவும் அவன் அன்னைக்குக் காலையில புள்ளைய பள்ளிக்கூடத்துல விட எந்திரிச்சத இதுல சேக்கல.

19 ஆகஸ்ட்
சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டவங்களுக்கு. 1961ல வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு ஒண்ணு இருக்கு (பின்குறிப்பு: 2025 நவம்பர்ல இதுக்குப் பதிலா புது தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துட்டு, இங்க எழுதுனது எல்லாம் 2024ல இருந்த நெலவரம்). ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, நடுவுல அரை மணி நேரமாச்சும் ஓய்வு. இன்னைக்கு வேலை முடிஞ்சதுக்கும் நாளைக்கு ஆரம்பிக்கதுக்கும் நடுவுல சேந்தாப்புல 9 மணி நேரம் கெடைக்கணும். வாரத்துல ஒரு நாள் லீவு. அஞ்சு பேருக்கு மேல வேலைக்கு வச்சிருந்தாத்தான் இந்தச் சட்டம், அதனால நாலஞ்சு வண்டிக்காரங்க தப்பிச்சீங்க.
காத்துக்கெடக்குத நேரமும் வேலை நேரம்தான், அதையும் சேத்துத்தான் எட்டு மணி.

19 ஆகஸ்ட், மத்தியானம்
காலையில எழுதுனதுல ரெண்டு தப்பு. எங்களுக்குக் கணக்கு எழுதுத ஆடிட்டர் அண்ணாச்சிட்ட போன்ல கேட்டதுல நல்லா வாங்கிக் கட்டுனேன்.
ஒண்ணு, அஞ்சு பேருக்கு 'மேல' இல்ல, அஞ்சு பேர் இருந்தாலே சட்டம் உண்டு. சொந்தச் சரக்க ஏத்துத வண்டிக்கும் உண்டு. கேள்வி கேட்டவருக்குச் சரியா அஞ்சு டிரைவர், மாட்டிக்கிட்டீரு. அதுக்குக் கீழ இருந்தாலும் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 91வது பிரிவு, சரக்கு வண்டியோ பயணிகள் வண்டியோ எதை ஓட்டுதவனுக்கும் இதே மணிக்கணக்குதான்னு சொல்லுது. நாலு டிரைவர் வச்சிருக்கவனும் தப்பிக்கல.
ரெண்டாவது தப்புதான் பெருசு. காத்துக்கெடக்குத நேரத்துல 15 நிமிசத்துக்குள்ள இருக்கதத்தான் வேலை நேரமா எடுத்துக்கிடுது சட்டம். மண்டியில ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தா அது 8 மணியில வராது. அடடே, அப்ப ஏழு மணி நேரக் கணக்கு சரிதானேன்னு துள்ளாதீங்க. வேலைக்கு வந்ததுல இருந்து விட்டுப் போறவரைக்கும் மொத்தமா 12 மணி நேரத்தத் தாண்டக்கூடாதுன்னு தனியா ஒரு பிரிவு இருக்கு. காத்திருந்தது, டீ குடிச்சது, படுதாவுக்குள்ள படுத்தது எல்லாம் இந்தப் பன்னெண்டுல அடக்கம். நம்ம வண்டி எல்லாம் அடிவாங்குத எடம் இதுதான். நம்ம ரூட்ல பதினேழு.

19 ஆகஸ்ட், அதே மத்தியானம்
கீழ ஒருத்தர் "பண்டிகைக்கு சலுகை உண்டே அண்ணாச்சி"ங்கார். உண்டு. தூர ரூட்டுக்கும் பண்டிகைக்கும் அதிகாரியோட ஒப்புதல் வாங்கி 10 மணி நேரம், வாரத்துக்கு 54 வரை போகலாம். ஓணத்துக்குன்னு எவனாவது போய் ஒப்புதல் கேட்டதா நான் கேள்விப்பட்டதில்ல. கேட்டவன் இருந்தா சொல்லுங்க, ஒரு மாலை போடுவோம்.

22 ஆகஸ்ட்
பகல்ல போன் நோண்டுதான்னு எழுதியிருந்தீங்கள்லா, அது மனசுல முள்ளு மாதிரி நின்னுட்டு. நான் ஓட்டுன காலத்துல இந்த டச் போனே கெடையாது, பட்டன் போன்தான், அப்பவும் தூங்கியிருக்கேன்.
ஒரு நாள் கொல்லத்துல எறக்கிட்டு திரும்பி வாரேன். விடிஞ்சிட்டு, நல்ல வெளிச்சம். தென்மலையில ஒரு தட்டுக்கடையில கட்டன் டீ குடிச்சேன், சில்லறை இல்லன்னு கடைக்காரர் ரெண்டு பப்பட மிட்டாய் தந்தார், எல்லாம் ஞாபகம் இருக்கு. அடுத்து ஞாபகம் இருக்கது ஆரியங்காவு கோயில் பக்கம். நடுவுல பத்து கிலோமீட்டருக்கு மேல ரோடு. கழுதுருட்டி பதிமூணு கண் ரயில் பாலம் ரோட்டு ஓரத்துலயே நிக்கும், தெரியாம தாண்ட முடியாது, டூரிஸ்டுக்காரன் எவனாவது நடு ரோட்டுல நின்னு போட்டோ எடுத்துட்டு இருப்பான். அன்னைக்கு அந்தப் பாலத்த நான் பாக்கவே இல்ல. வளைவுக்குத் திருப்பியிருக்கேன், கியர் மாத்தியிருக்கேன், எதிர்ல வந்த பஸ்சுக்கு ஒதுங்கிக்கூட இருப்பேன். எதுவும் மண்டையில இல்ல. வண்டிய ஓரங்கட்டி எறங்கி, ஒரு ரவுண்டு சுத்தி பம்பர்ல ரத்தம் இருக்கான்னு பாத்தேன். கிரேட்டுல ஒட்டியிருந்த தக்காளிச்சாறு சொட்டி டயர்ல காஞ்சிருந்தது, அதப் பாத்து ஒரு நிமிசம் உயிரு போய் வந்தது.
நான் தூங்கிட்டேன்னு அப்ப தோணல. 'ஏதோ யோசனையில வந்துட்டேன்'னு நெனச்சேன். தூக்கம் கெட்டவனுக்குத் தான் தூக்கம் கெட்டிருக்கோம்னு தெரியாது, குடிச்சவன் நான் ஸ்டெடின்னு சொல்லுதாப்புல.

22 ஆகஸ்ட், பின்சேர்ப்பு
குடிச்சவன்னு சும்மா சொல்லல. ஆஸ்திரேலியாவுல 1997ல சோதிச்சுப் பாத்திருக்காங்க. 17 மணி நேரம் முழிச்சே இருந்தவனோட கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கவன் அளவுக்கு மந்தமாயிருது. நம்ம நாட்டுல 30 மில்லிகிராம் தாண்டினாலே கேசு. ஒரு முழு நாள் தூங்காதவன்னா 100 மில்லிகிராம் கணக்கு. அப்ப நம்ம டிரைவர் பச்சத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு ஊதுனாலும் மிசின் காட்டாது, ஆனா வண்டி காட்டும்.
60ல போற வண்டி ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல ஓடும். மூணு செகண்ட் கண்ணு சொக்குனா 50 மீட்டர். எடமண் ரோட்டுல 50 மீட்டருக்கு நேரா எந்த எடம் இருக்கு?

23 ஆகஸ்ட்
தூக்கத்த விரட்ட நீங்க எழுதுன வைத்தியம் எல்லாம் படிச்சேன். பச்சமொளகா கடிக்கது, மூக்குப்பொடி, கண்ணுக்குக் கீழ தைலம், கிளீனர விட்டு காதத் திருகச் சொல்லுதது (இதுக்குத் தனி பேட்டா உண்டான்னு ஒருத்தர் கேட்டிருந்தார், சிரிச்சு முடியல), சத்தமா பாட்டு, கண்ணாடிய எறக்கிவிட்டு மூஞ்சில காத்து. எல்லாம் நானும் செஞ்சதுதான். எல்லாமே பத்து நிமிசம் தாங்கும். பெறவு பாட்டும் ஓடும், தூக்கமும் ஓடும்.
டீ காப்பி கொஞ்சம் உதவும், ஆனா குடிச்ச உடனே இல்ல. முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒண்ணு சேந்துக்கிட்டே வரும், அதுதான் தூங்கு தூங்குன்னு சொல்லுதது. காப்பியில உள்ள கஃபீன் அத வேலை செய்ய விடாம தடுக்கும், அவ்வளவுதான், சேந்தது சேந்ததுதான், தூங்குனாத்தான் வடியும். கஃபீன் ஏற அரை மணி நேரம் பக்கம் ஆவும். அதனால கட்டன் குடிச்சிட்டு உடனே வண்டிய எடுக்கதுக்குப் பதிலா, குடிச்ச கையோட சீட்டுல சாஞ்சு 20 நிமிசம் தூங்கணும். எந்திரிக்கும்போது ரெண்டும் சேந்து வேலை செய்யும். எந்திரிச்ச உடனே அஞ்சு பத்து நிமிசம் மந்தமா இருக்கும், எறங்கி டயர ஒரு தட்டு தட்டிட்டு எடுக்கலாம்.
கத்துத மிசின் பத்தி: கேமரா கண்ணு இமையப் பாத்து பீப் அடிக்கது இருக்கு, வேலையும் செய்யுது. எங்க வண்டி ஒண்ணுல மாட்டிப் பாத்தோம். மூணாம் நாளே பையன் அதுமேல துண்டப் போட்டுட்டான். ஏம்லேன்னா "தூங்க விட மாட்டேங்கு அண்ணாச்சி"ங்கான். அவன் சொன்னதுல நியாயம் இருக்குன்னு புரிய எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

27 ஆகஸ்ட்
இதை எழுதலாமா வேண்டாமான்னு நாலு நாளா இருந்தேன்.
கேள்வி கேட்டவர நான் கிண்டல் பண்ணுதேன்னு நெனச்சிர வேண்டாம். ரெண்டு வருசம் முந்தி எங்க டிரைவர் ஒருத்தன், நல்ல பையன், இதே மாதிரி திரும்பி வரும்போது காலை எட்டு மணிக்கு கல்லுக்கட்டுல ஏத்திட்டான். கழுத்துப்பட்டை எலும்பு ஒடிஞ்சது. காலையில ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போனேன், சாயங்காலம் ஆபீஸ்ல உக்காந்து கண்ணாடி, பானட், கிரேன் வாடகைன்னு எழுதி அவன் சம்பளத்துல மாசம் இவ்வளவுன்னு பிடிச்சேன். நாந்தான் எழுதுனேன். மொதலாளி சொன்னார்தான், ஆனா எழுதுன கை என் கை.
பெறவு ஒரு நாள் வேற எதுக்கோ பழைய லோடு நோட்டப் பாக்கேன். அந்த வாரம் அவனுக்கு ஆறு நாள் ஆறு நடை. அஞ்சாவது நாள் வேற டிரைவர் வரலன்னு அவன மத்தியானமே கூப்பிட்டு சங்கரன்கோயிலுக்கு பூ ஏத்த அனுப்பியிருக்கேன். காலையில பத்தரைக்கு வந்தவன மத்தியானம் ரெண்டு மணிக்கு. என் கையெழுத்துதான் நோட்டுல.
பிடிச்ச காசத் திருப்பிக் குடுத்தோம். வாங்கிட்டான். இப்ப வேற எடத்துல ஓட்டுதான், ரோட்டுல பாத்தா ஆரன் அடிப்பான், நிக்க மாட்டான்.

1 செப்டம்பர்
சரி, என்ன மாத்துனோம்னு கேட்டீங்க. பெருசா ஒண்ணுமில்ல.
மண்டி வரிசைதான் மொதல்ல. அஞ்சு மணிக்கு வண்டி நிக்கணுமே தவிர டிரைவர் நிக்கணும்னு எவன் சொன்னான்? லைசன்ஸ் உள்ள லோக்கல் ஆள் ஒருத்தரப் பிடிச்சோம், முன்னாடி மினிபஸ் ஓட்டுனவர், அவர் வண்டியக் கொண்டு போய் போட்டு லோடு ஏத்தி படுதா கட்டி வைப்பார். டிரைவர் பத்தரைக்குச் சாப்பிட்டுட்டு வந்தாப் போதும். இது ஒண்ணுலயே அஞ்சரை மணி நேரம் மிச்சம், பதினேழு பதினொண்ணரை ஆச்சு.
பெறவு கொல்லம். மூணு மணிக்குப் போனா அஞ்சு வரைக்கும் தூங்கலாம்லா? தூங்க விடமாட்டாங்க. "வண்டி கொறச்சு முன்னோட்டு எடுக்கு சேட்டா"ன்னு, வண்டியக் கொஞ்சம் முன்னால எடுக்கச் சொல்லி, பத்து நிமிசத்துக்கு ஒருக்க கதவத் தட்டுவான். அதனால மார்க்கெட்டுக்கு உள்ள போகாம வெளிய பெட்ரோல் பங்குல போட்டுத் தூங்கிட்டு அஞ்சு மணிக்கு உள்ள போகச் சொல்லியாச்சு. ராத்திரி ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் உடம்பே தூக்கத்துக்குன்னு ஒதுக்கி வச்ச நேரம், அதுல ரெண்டு மணி நேரம் கெடச்சா சும்மா இல்ல.
மூணாவது காசு. நடைக்கு 800 ரூபா, வாரம் ஆறு நடை, 4800. அஞ்சு நடையாக் கொறச்சோம், நடைக்கு 960. அதே 4800. வண்டிக்கு 250 கிரேட்டு ஏறும், கிரேட்டுக்கு ஒரு ரூபா வாடகை ஏத்துனோம், சரியாப்போச்சு. வியாபாரி ரெண்டு நாள் மூஞ்சத் தூக்குனார்.

2 செப்டம்பர்
"சரியாப்போச்சு"ன்னு நேத்து எழுதுனது கொஞ்சம் கூடுதல். மொத தடவை சும்மா அஞ்சு நடையாக் கொறச்சமே தவிர 960 எல்லாம் குடுக்கல. 4800 வாங்குனவன் கைல 4000. என்ன செஞ்சானுவ? லீவு நாள்ல குத்தாலத்துக்கு வந்த கார்க்காரனுக்கு ஆக்டிங் டிரைவராப் போயி திருவனந்தபுரம், குமரின்னு ராத்திரி முழுக்க ஓட்டிட்டு, நேரா நம்ம வண்டிக்கு வந்தானுவ, முன்னவிட மோசம். ஓய்வு குடுத்தேன்னு நான் நெஞ்ச நிமித்திட்டு திரிஞ்சேன். காசக் கொறச்சா ஓய்வ வித்துருவான், நம்மளா இருந்தாலும் அதத்தான் செய்வோம். அதுக்குப் பெறவுதான் 960.

5 செப்டம்பர்
டிரைவர் தூங்குன கணக்குக்கு ஒரு நோட்டு வச்சிருக்கோம், அது எப்படிப் போடுததுன்னு கேட்டவருக்கு. ரெண்டே கேள்வி. டிரைவர் சாவி வாங்கும்போது கேக்கது: கடைசியா எத்தனை மணிக்கு எந்திரிச்சே? நேத்துல இருந்து மொத்தம் எவ்வளவு தூங்குனே? அஞ்சு மணி நேரத்துக்குக் கீழன்னா அன்னைக்கு மலை ரூட் இல்ல, கடையம், ஆலங்குளம்னு உள்ளூர் லோடு, பேட்டா அதேதான். அஞ்சுங்கது எங்க கணக்கு, சட்டம் இல்ல.
பொய் சொல்ல மாட்டானான்னா சொல்லுவான். மொத மாசம் பூரா எல்லாவனும் எட்டு மணி நேரம் தூங்குனதா நோட்டு சொல்லுது, ஏதோ எல்லாரும் பண்ணையார் மாதிரி. ஒருத்தன் "மூணு மணி நேரம் அண்ணாச்சி, புள்ளைக்குக் காய்ச்சல்"னு உண்மையச் சொன்னான், அவன திட்டாம பேட்டாவும் குறைக்காம உள்ளூருக்கு அனுப்புனேன். அத மத்தவனுவ பாத்தானுவ. அதுக்குப் பெறவு நோட்டுல நாலு, ஆறுன்னு மனுசன் தூங்குத கணக்கு வந்தது.

14 செப்டம்பர், விடியக்காலம் 4.10
உத்ராடம், ஓணத்துக்கு முந்தின நாள். புனலூர்ல நிக்கேன், நானே ஒரு வண்டி எடுத்துட்டு வந்துட்டேன், ஆள் பத்தல. பூ வண்டியா, நம்ம காய்கறி வண்டியான்னு தெரியாம வரிசை. இருவது நிமிசம் படுக்கப் போறேன். வியாபாரி நாலாவது தடவை கூப்பிடுதார்.

14 செப்டம்பர், ராத்திரி
போன எடுக்கல. இருவது நிமிசம் நாப்பதாச்சு. சரக்கு அரை மணி நேரம் லேட்டு, கத்துனார், ஆனா பத்து மணிக்குள்ள எல்லாம் வித்துப்போச்சு. கேள்வி கேட்டவரே, உம்ம வண்டியெல்லாம் வந்து சேந்துதா?

20 செப்டம்பர்
அவர் தனியா எழுதியிருந்தார், எல்லா வண்டியும் பத்திரம். மண்டியில மாத்து ஆள் வச்சதா சொன்னார், மெனக்கெட்டு சொன்னதுக்கு நன்றி. அவர் கேட்ட இன்னொரு கேள்வி: நல்லாத் தூங்குத டிரைவர் ஒருத்தர், அம்பது வயசு, பகல்ல ஏழு மணி நேரம் கொறட்டை விட்டுத் தூங்குதார், ஆனாலும் வண்டில கண்ணு சொக்குதுங்கார்.
அந்தக் கொறட்டையத்தான் பாக்கணும். கொறட்டைக்கு நடுவுல திடீர்னு மூச்சு நின்னு, திணறி முழிச்சு, மறுபடி கொறட்டைன்னா அது ஸ்லீப் அப்னியா. எத்தனை மணி நேரம் படுத்தாலும் மூளை ஒழுங்காத் தூங்காது, அவருக்கு தான் முழிச்சதே தெரியாது. அவர் வீட்டம்மாட்ட கேளும், அந்த அக்காவுக்குத் தெரியும். நுரையீரல் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர் யாராவது ஒருத்தர்ட்ட காட்டலாம், வைத்தியம் இருக்கு. ஒழுங்கா ஓய்வு குடுத்தா எல்லாம் சரியாயிரும்னு நான் மேல எழுதுன தொனி இவர் விசயத்துல செல்லாது.

6 அக்டோபர்
மச்சான் போலந்துல டிரெய்லர் ஓட்டுதான், அங்க எப்படின்னு எழுதுனவருக்கு. ஐரோப்பாவுல நாலரை மணி நேரம் ஓட்டுனா 45 நிமிசம் நிறுத்தியே ஆகணும், ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10 வரை. வண்டில உள்ள மிசின்ல டிரைவர் தன் கார்டச் சொருகித்தான் ஓட்டணும், மிசினே நிமிசக்கணக்கு எழுதிக்கிடும். நோட்டுல பொய் எழுத வழியில்ல. நமக்கு அது வர நாளாவும். 2025 அக்டோபர் 1ல இருந்து செய்யுத பெரிய லாரிக்கெல்லாம் கேபின்ல ஏசி கட்டாயம்னு உத்தரவு வந்திருக்கு, அதுவே பெரிய விசயம். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆலங்குளம் வெயில்ல கேபினுக்குள்ள உக்காந்து பாத்தவனுக்குத் தெரியும். ஏசி போட்டா தூக்கம் வருமேங்காதீங்க, வெக்கையில காஞ்சவனுக்குத்தான் அசதி சீக்கிரம்.

17 நவம்பர்
கார்த்திகை பொறந்துட்டு, நம்ம ரோடு இனி நம்ம ரோடு இல்ல. நேத்து ராத்திரி செங்கோட்டையில நின்னா எல்லாம் வெளியூர் வேன். டிரைவர்கிட்ட பேச்சுக் குடுத்தேன், முந்தின நாள் காலையில பொறப்பட்டவராம், பம்பைக்குப் போயிட்டு உடனே திரும்பணுமாம். சாமிமாரு பதினாலு பேரும் பின்னால தூங்குதாங்க.
எனக்கும் ஒரு பஞ்சாயத்து. மருமகன் மாலை போட்டிருக்கார், வேன் எடுத்தாச்சு, டிரைவர் எதுக்கு மாமா நீங்களே ஓட்டுங்கன்னார். நானும் சரின்னு ஆபீஸ முடிச்சு ராத்திரி ஒம்பது மணிக்கு கெளம்புதேன். வேன் சாவி எங்க பையன்ட்ட இருந்தது, அந்தக் காய்ச்சல் புள்ளைக்காரன். கேட்டேன். நோட்ட எடுத்து மேசையில வச்சான்.
"எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க அண்ணாச்சி?"
நாலரை. மண்டியில பேரம் இருந்தது.
அவன்தான் ஓட்டிட்டு வந்தான். பதிமூணு கண் பாலத்தத் தாண்டும்போது தலையத் தூக்கிப் பாத்தேன், இருட்டுல ஒண்ணும் தெரியல.